ஓ.பி. போதை சிகிச்சை: பொருள் வகைகளை வீட்டாளுங்களுக்கு எப்படிப் புரியவைக்க?

சேரன்மாதேவி_ஆற்றுப்படுத்துநர்

போதை சிகிச்சைக்கு ஓ.பி.யில வந்து போறவங்களோட வீட்டாளுங்களுக்கு வாரம் ஒருநாள் அரை மணி நேர வகுப்பு. பயிற்சியில குடுத்த அட்டவணையில ஏழு வகை இருக்கு: மந்தமாக்குறது, அபின் வகை, தூண்டுறது, கஞ்சா, மாயத்தோற்றம் காட்டுறது, முகருறது, புகையிலை. அதை அப்படியே வாசிச்சா மூணாவது வகை வர்றதுக்குள்ள எல்லாரும் செல்போனை எடுத்துடுதாங்க. கேள்வின்னு வந்தா, அட்டவணையில பதில் இல்லாத கேள்வியாத்தான் வருது.

"குடிக்கு வாரவங்களுக்குப் பை நிறைய மாத்திரை தாராவ, எம்புள்ளைக்குக் கஞ்சாவுக்கு ஒண்ணுமே தரலையே?"

"தூக்க மாத்திரை டாக்டரு எழுதுனதுதான, அது எப்படிப் போதையாவும்?"

"வலி மாத்திரை போடுதான்னு சொன்னாவ. மூத்திர டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு. அப்ப அவன் சுத்தம்தான?"

வேதியியல் பாடம் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் என்ன செய்யணும், எதைக் கவனிக்கணும்னு மனசுல நிக்கணும். நீங்க எந்த வரிசையில சொல்வீங்க, எதை விட்டுருவீங்க?

---

அம்பை_மனநலச்செவிலி

தம்பி, அந்த ஏழு வகையையும் ஒரே கனத்துல சொல்றதுதான் சிக்கல். ஓ.பி.ன்னா ஆள் ராத்திரி வீட்டுலதான் இருக்கான். வார்டுல நாம பாக்குறதை அங்க அம்மாவோ பெண்டாட்டியோ பாக்கணும். அதனால வகையை மூளைக்குள்ள என்ன பண்ணுதுன்னு பிரிக்காம, "நிறுத்துனா என்ன ஆவும், எந்த நேரத்துல ஆவும்"னு பிரிங்க. நிறுத்தும்போது உயிருக்கே ஆபத்தானது ரெண்டுதான்: குடி, தூக்க மாத்திரை. அபின் வகையில நிறுத்தும்போது ஆள் துடிச்சுப்போவான், ஆனா உயிர் போறது அபூர்வம். அங்க ஆபத்து திரும்ப ஆரம்பிக்கும்போதுதான். கஞ்சா, புகையிலை ரெண்டும் நிறுத்துனா எரிச்சலும் தூக்கமின்மையும். இதைச் சொன்னாலே பாதிக் கேள்வி அடங்கிரும்.

குடியில நேரத்தை எழுதிப் போடுங்க. கடைசியாக் குடிச்ச மணியிலேருந்து எண்ணணும். 6லேருந்து 12 மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை, குமட்டல், படபடப்பு. வலிப்பு வந்தா பெரும்பாலும் 6லேருந்து 48 மணிக்குள்ள வரும். மனக்குழப்பத்தோட வர்ற கடுமையான நிலை 48லேருந்து 96 மணிக்குள்ள. இந்த மூணாவதுதான் நம்ம ஊர்ல தப்பாப் புரிஞ்சுக்குறது. செவத்துல பூச்சி ஊருதுன்னு தட்டுவான், போர்வையில இல்லாத நூலைப் பிடுங்குவான், பகலா ராத்திரியான்னு தெரியாது, காய்ச்சலும் இருக்கும். வீட்டுல மாடன் அடிச்சிருக்குன்னு சொல்லி கோடாங்கியைக் கூப்பிடுவாவ. கோயிலுக்கு அப்புறம் போலாம், முதல்ல 108. "குடிச்சு ரெண்டு நாளாச்சே, போதை தெளிஞ்சிருக்குமே"ன்னு நினைக்கிற நேரத்துலதான் இது வரும். அதை ரெண்டு தடவை சொல்லுங்க.

இன்னொண்ணு, காலண்டரைப் பாத்துக்கோங்க. கொடைக்குக் காப்புக் கட்டும்போது, குலசை தசராவுக்கு மாலை போடும்போது, ஐயப்பனுக்கு விரதம் இருக்கும்போது தினமும் குடிக்கிற ஆள் ஒரே நாள்ல நிறுத்துவான். நல்ல எண்ணம்தான். ஆனா தினம் ரெண்டு குவாட்டர் போடுறவன் மருந்து இல்லாம நிறுத்துனா, விரதத்தோட ரெண்டாம் நாள் வலிப்பு வரலாம். மாலை போடுற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஓ.பி.க்கு வரச் சொல்லணும்.

அளவைக் கேக்கும்போது "எத்தனை பெக்"னு கேக்காதீங்க, அந்த வார்த்தைக்கு அளவே கிடையாது. பாட்டில்ல கேளுங்க. 180 மில்லி குவாட்டர், லேபிள்ல 42.8 சதவீதம்னு இருந்தா அதுல சுத்தச் சாராயம் 77 மில்லி, எடையில சுமார் 60 கிராம். 10 கிராமை ஒரு அளவுன்னு வெச்சா ஒரு குவாட்டர் ஆறு அளவு. 650 மில்லி பீர், 8 சதவீதம்னா நாலு அளவு. "பீர்தான குடிக்கேன்"ங்கிறவருக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில போட்டுக் காட்டுனா முகம் மாறிரும்.

யாரை வீட்டுலவெச்சே நிறுத்தலாம்? முன்னாடி வலிப்போ குழப்பமோ வந்திருக்கக் கூடாது. மஞ்சக்காமாலை, நெஞ்சுவலி மாதிரி பெரிய நோய் இருக்கக் கூடாது. தூக்க மாத்திரை, வலி மாத்திரை கூடச் சேரக் கூடாது. ராத்திரி கூடப் படுக்க நிதானமான ஒரு ஆள் வேணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் படுக்கையில சேக்குறதுதான் சரி.

குடும்பம் தன்னால செய்யுற ஒரு தப்பு இருக்கு: நடுங்குறவனைப் பக்கத்துல இருக்குற கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு சொல்றது. வருஷக் கணக்காக் குடிச்ச உடம்புல தயமின்ங்கிற பி1 வைட்டமின் வத்திப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்த வைட்டமின் வேணும். தயமின் போடாம குளுக்கோஸை மட்டும் ஏத்துனா மிச்சம் மீதி இருக்குறதும் தீந்து, கண் ஆட்டம், தள்ளாட்டம், குழப்பம்னு மூளை பாதிச்சிரும். மறதி நிரந்தரமாக்கூட நின்னுரும். "முதல்ல தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்" இந்த ஒரு வரியைச் சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்புங்க.

---

டவுன்_மருந்தாளுநர்

தூக்க மாத்திரை, வலி மாத்திரை ரெண்டையும் வீட்டுல ஒரே பேர்லதான் சொல்லுவாவ: "போதை மாத்திரை". அதைப் பிரிச்சுக் காட்டலைன்னா ஆபத்து, ஏன்னா ரெண்டுக்கும் சிகிச்சை தலைகீழ்.

பிரிக்கிறதுக்கு அட்டை போதும். கம்பெனி பேரைப் பாக்காதீங்க, பின்னாடி சின்ன எழுத்துல இருக்குற மருந்துப் பேரைப் பாருங்க. அல்பிரசோலாம், டயசெபாம், நைட்ரசெபாம், லோரசெபாம், குளோனசெபாம்: "சோலாம்", "செபாம்"னு முடிஞ்சா மந்தமாக்குற வகை, குடியோட பங்காளி. டிராமடால், டாபென்டடால், கோடீன், பென்டசோசின் இதெல்லாம் அபின் வகை. "டால்"னு முடியுறதெல்லாம் அபின்னு நினைச்சிராதீங்க. ஹாலோபெரிடாலும் அப்படித்தான் முடியும், அது மனநோய்க்கான மருந்து, போதைக்குச் சம்பந்தம் இல்ல. பேர் இருக்குற பகுதியைக் கிழிச்சு எறிஞ்சிருந்தா மீதி அட்டையை அப்படியே கவர்ல போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்க. மாத்திரையோட நிறமும் வடிவமும் நம்பிக்கைக்கு ஆகாது, ஒரே மருந்து பத்து நிறத்துல வரும்.

"டாக்டர் எழுதுனதுதானே"ங்கிறதுக்குப் பதில்: எழுதுனது ரெண்டு வாரத்துக்கா இருக்கும், போட்டது ரெண்டு வருஷமா இருக்கும். அல்பிரசோலாம், டிராமடால் ரெண்டுமே எச்1 பட்டியல் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதது. அட்டையில சிவப்பு எல்லை போட்ட கட்டத்துக்குள்ள எச்சரிக்கை இருக்கும். சீட்டு எழுதுன டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாத்தையும் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் கடையில வெச்சிருக்கணும். பழைய சீட்டை வெச்சே திரும்பத் திரும்ப வாங்குனாங்கன்னா அதைச் சிகிச்சைன்னு சொல்ல முடியாது.

தூக்க மாத்திரையில வீட்டாளுங்க செய்யுற தப்பு ஒண்ணே ஒண்ணு, ஆனா பெரிய தப்பு. கண்டுபிடிச்ச அன்னைக்கே மொத்தத்தையும் சாக்கடையில கொட்டிருவாங்க. மாசக்கணக்காப் போட்டவன் ஒரே நாள்ல நிறுத்துனா குடியை நிறுத்துன மாதிரியே வலிப்பு வரும். அல்பிரசோலாம் சீக்கிரம் உடம்பை விட்டுப் போறது, அதனால ஓரிரு நாள்லயே வரலாம். டயசெபாம் மெதுவாப் போறது, ஒரு வாரம் கழிச்சுக்கூட வரலாம். அதுக்குள்ள "ஒண்ணும் ஆகலையே"ன்னு வீட்டுல தைரியம் வந்திருக்கும். குறைக்கிற வேகத்தை டாக்டர் போடுவார். பொதுவா ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை பத்துலேருந்து இருபத்தஞ்சு சதவீதம், கடைசிக் கட்டத்துல இன்னும் மெதுவா. மாத்திரைப் பெட்டி வீட்டுல பொறுப்பான ஆள் கையில இருக்கணும், அன்னன்னைக்கு உள்ளதை மட்டும் குடுக்கணும்.

குடியை விடுறதுக்குக் குடுக்குற குளோர்டயசெபாக்சைடும் இதே குடும்பம்தான். அதான் அது வேலை செய்யுது: குடி விட்டுப்போன இடத்துல உக்காந்துக்கிட்டு, நாம படிப்படியா இறக்கிவிடுறோம். ஆனா அந்த மாத்திரை மேல குடிச்சா ரெண்டும் ஒரே திசையில மூச்சை அமுக்கும். "மாத்திரை போட்ட அன்னைக்கு ஒரு கட்டிங்தானே"ன்னு கேக்குறவருக்கு இதைச் சொல்லுங்க. அஞ்சாறு நாள் மருந்தை மொத்தமாக் குடுக்காம ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் குடுத்துத் திரும்ப வரச் சொல்றதும் இதுக்காகத்தான்.

இப்ப வலி மாத்திரை. நிறுத்துன 8லேருந்து 24 மணிக்குள்ள கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணுல தண்ணி, மயிர்க்கூச்சு, வயித்துப்போக்கு, கால்ல குடைச்சல். ரெண்டு மூணாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும். பாக்க டைபாய்டு மாதிரி இருக்கும். அடையாளம் கண் பாவை: வெளிச்சத்துலயும் விரிஞ்சு நிக்கும். போதையில இருக்கும்போது அதே பாவை குண்டூசி முனை மாதிரி. டிராமடால் மட்டும் கொஞ்சம் கோணல். அபின் வகையா இருந்தும் அதிகமாப் போட்டா வலிப்பு வரும்.

அபின் வகையை விடுறவங்களுக்கு நாக்குக்கு அடியில வைக்கக் குடுக்குற புப்ரினார்ஃபின்–நாலக்சோன் மாத்திரை பத்திக் கட்டாயம் சொல்லணும். கடையில வாங்குற மருந்து இல்ல, மையத்துலதான் குடுப்பாங்க. மூணு இடத்துல கோளாறு ஆகும். ஒண்ணு, சீக்கிரமா ஆரம்பிக்கிறது. கடைசி மாத்திரை போட்டு குறைஞ்சது 12 மணியாவது ஆகி, கொட்டாவியும் மயிர்க்கூச்சும் கண்ணுக்குத் தெரியணும். உள்ள பழைய மருந்து ஒட்டிக்கிட்டு இருக்கும்போது இதை வெச்சா, அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டு இது உக்காரும். ஆனா அந்த அளவுக்குப் போதை குடுக்காது. அரை மணி நேரத்துல ஆள் வாந்தியும் பேதியுமா உருளுவான், "இந்த மருந்து ஒத்துக்கலை"ன்னு வரவே மாட்டான். பொய் சொல்லி முன்கூட்டியே வாங்குறவங்களுக்குத்தான் இது நடக்குது, அதனால கடைசியாப் போட்ட நேரத்தை உண்மையாச் சொல்லச் சொல்லணும். ரெண்டு, முழுங்குறது. வயித்துக்குப் போனா பாதிகூட வேலை செய்யாது. முதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சு வாயை நனைக்கணும், மாத்திரை கரையுற அஞ்சு பத்து நிமிஷம் பேசக் கூடாது, எச்சில் முழுங்கக் கூடாது. மூணு, பல். கரைஞ்சதும் தண்ணி விட்டுக் கொப்பளிக்கணும், பல் தேய்க்க ஒரு மணி நேரம் போகணும். இல்லைன்னா பல் சொத்தையாகும்.

ஆபத்து எங்கன்னா, பத்து நாள் விட்டுட்டுத் திரும்பப் பழைய அளவையே போடும்போது. உடம்போட தாங்கும் சக்தி போயிருக்கும், மனசுல பழைய எண்ணிக்கைதான் இருக்கும். மூச்சு நிமிஷத்துக்குப் பத்துக்கும் குறைவு, குறட்டை மாதிரி கரகரப்பு, உதடு நீலம்னா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108 கூப்பிடணும், என்ன போட்டான்னு மறைக்கக் கூடாது. அபின் வகையை முறிக்கிற நாலக்சோன் ஊசி போட்டு எழுந்து உக்காந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துராதீங்க; அந்த ஊசி ஒரு மணி, ஒண்ணரை மணியில தேஞ்சிரும், மாத்திரை அதைவிட நேரம் நிக்கும்.

மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்துறவங்களை நம்பிக்கை மையத்துக்கும் (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) அனுப்புங்க. எச்.ஐ.வி., மஞ்சக்காமாலை பி, சி மூணையும் பாக்கணும். மாத்திரையில இருக்குற மாவுப்பொருள் ரத்தத்துல கரையாது, ரத்தக்குழாய் அடைச்சு கை அழுகுறது அதனாலதான்.

---

பனங்காடு77

எல்லாம் சரி அண்ணாச்சி. கள்ளையும் இந்தப் பட்டியல்ல சேக்குறதுதான் எனக்கு ஒப்பலை. கள்ளு உணவு. கஞ்சாவும் மூலிகைதான், சித்தர்களே பயன்படுத்துனது. கெமிக்கல் மாத்திரையோட சேத்துப் பேசுனா பையங்க நம்ப மாட்டாங்க.

---

அம்பை_மனநலச்செவிலி

அண்ணாச்சி, பனையில இறங்குறது பதனீரா கள்ளான்னு தீர்மானிக்கிறது கலயத்துக்குள்ள தடவுற சுண்ணாம்புதானே. சுண்ணாம்பு இருந்தா நொதிக்காது, பதனீர். இல்லைன்னா கொஞ்ச நேரத்துலயே சர்க்கரை சாராயமாக ஆரம்பிச்சிரும். அதுல உள்ளது குவாட்டர்ல உள்ள அதே எத்தனால், சதவீதம்தான் குறைவு. நாலஞ்சு சதவீதம்னே வெச்சாலும் ஒரு லிட்டருக்கு மூணு நாலு அளவு ஆச்சு. வகை ஒண்ணுதான். தமிழ்நாட்டுல 1987லேருந்து கள்ளுக்குத் தடை இருக்கு, அது சரியா தப்பாங்கிறது வேற சண்டை. அதை வகுப்புக்குள்ள கொண்டுவராதீங்க. சட்டத்தோட வகை வேற, உடம்போட வகை வேற. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துல குடியும் புகையிலையும் இல்லவே இல்ல. டிராமடால் 2018லதான் அதுக்குள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாடி அது போதை தரலைன்னு அர்த்தமா?

---

களக்காடு_சமூகப்பணி

கஞ்சா கேள்விக்கு நான் சொல்லுதேன், ஓ.பி.யில அதிகமாச் சண்டை நடக்குறது அதுலதான்.

"மாத்திரை ஏன் இல்ல?" ஏன்னா நிறுத்துனா உயிருக்கு ஆபத்து இல்ல, குடிக்கும் அபினுக்கும் இருக்குற மாதிரி இடத்தை நிரப்பிக்கிட்டு இறக்கிவிடுற மருந்தும் இன்னும் வரலை. புறக்கணிப்பு இல்லன்னு அம்மாகிட்டத் தெளிவாச் சொல்லணும். இல்லைன்னா வெளியில எங்கயாவது போய்த் தூக்க மாத்திரை வாங்கிக் குடுப்பாங்க. ஒரு வகை ரெண்டு வகையாகும். முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல ஆரம்பிச்சு, முதல் வாரத்துல உச்சத்துக்குப் போய், ரெண்டு வாரத்துல பெரும்பாலும் தணியும்: சிடுசிடுப்பு, தூக்கம் இல்லாமை, சாப்பாடு இறங்காமை, பயங்கரக் கனவு. தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சநாள் இழுக்கும். "விட்டதுக்கப்புறம்தான் ரொம்பக் கோவப்படுதான், அதுக்குக் கஞ்சா இழுத்துக்கிட்டே இருக்கட்டும்"னு வீட்டுல சொல்றது இந்த ரெண்டு வாரத்துலதான். தேதியை முன்னாடியே சொல்லி வெச்சா பொறுத்துக்குவாங்க.

நம்ம பக்கம் யாரும் கஞ்சாவைத் தனியா இழுக்குறது கம்மி. சிகரெட் தூளைத் தட்டிட்டு, பாதி புகையிலை பாதி கஞ்சான்னு அடைச்சு இழுக்காங்க. ஆகவே நிறுத்தும்போது ரெண்டு விடுபாடு (விட்டா வர்ற உபாதை) சேந்து வருது. கஞ்சாவை விட்டுட்டு சிகரெட்டைக் கூட்டுனா கையும் வாயும் பழைய வழியிலேயே இருக்கும்.

உடனே அன்னைக்கே கூட்டிட்டு வரவேண்டிய அடையாளம்: காதுல குரல் கேக்குறது, சாப்பாட்டுல விஷம் வெச்சிருக்கீங்கன்னு சந்தேகம், ரெண்டு மூணு நாள் தூங்காமச் சுத்துறது. இன்னொண்ணு அதிகம் தெரியாதது. விடாம வாந்தி, வயித்துவலி, வெந்நியில குளிச்சா மட்டும் சரியாவுது, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை வெந்நி போடச் சொல்லுதான். வயித்துக்கு ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்தும் ஒண்ணும் தெரியலைன்னா, வருஷக்கணக்கா இழுக்குற கஞ்சா காரணமாங்கிறதையும் கேக்கணும்.

முகருறதை அட்டவணையில கடைசியில போட்டு ஓட்டிராதீங்க. பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர். பள்ளிக்கூடப் பையங்க. வாய் மூக்கைச் சுத்தித் தடிப்பு, சட்டைப் பையில பிசுபிசுன்னு ஒரு துணி, மூச்சுல பெயிண்ட் வாடை. இதுல வீட்டாளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு: முகர்ந்துக்கிட்டு இருக்கும்போது பாத்துட்டா கத்தி விரட்டக் கூடாது. டொலுயின் மாதிரிப் பொருள் ஏறுன நேரத்துல பயமும் ஓட்டமும் சேந்தா இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்னே போகலாம். ஜன்னலைத் திறந்து, மெதுவாப் பேசி உக்கார வைக்கணும். பக்கத்துல தீக்குச்சி கிழிக்கக் கூடாது. கண்டிக்கிறதை நாளைக்கு வெச்சுக்கலாம்.

தூண்டுற வகை (கொக்கெய்ன், மெத் மாதிரி), மாயத்தோற்ற வகை ரெண்டும் நம்ம ஓ.பி.க்குக் குறைவாத்தான் வருது. ரெண்டு நிமிஷம் போதும். தூண்டுறதை விட்டா ரெண்டு மூணு நாள் அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம், பசி, அப்புறம் பெரிய மனச்சோர்வு. அந்தச் சோர்வுல தற்கொலை எண்ணத்தைக் கேட்டே ஆகணும். ஸ்டாம்பு (எல்.எஸ்.டி.), போதைக் காளான் மாதிரி மாயத்தோற்ற வகையெல்லாம் விட்டா உடம்பு கேக்காது. போட்ட நேரத்துப் பயமும் விபத்தும்தான் ஆபத்து.

---

சேரன்மாதேவி_ஆற்றுப்படுத்துநர்

நன்றி அக்கா, அண்ணாச்சி, எல்லாருக்கும். அட்டவணையைக் கிழிச்சுட்டேன். இன்னும் ரெண்டு மிச்சம் இருக்கு. மூத்திர டெஸ்ட் கேள்விக்கு யாரும் வரலை. அப்புறம், "குடிக்கிறவருக்குத் தெரியாமச் சாம்பார்ல கலந்து குடுக்குற மாத்திரை"ன்னு விளம்பரம் பாத்துட்டுக் கேக்காங்க. முடியாதுன்னு சொன்னா மட்டும் போதலை, ஏன்னு சொல்லணும்.

---

ஹைகிரவுண்ட்_பயிற்சிமருத்துவர்

சாம்பார் மாத்திரை முதல்ல. பெரும்பாலும் அது டைசல்ஃபிராம். குடியை உடம்பு ரெண்டு படியில உடைக்குது: எத்தனால் முதல்ல அசிட்டால்டிஹைடாகும், அப்புறம் அசிட்டேட்டாகும். டைசல்ஃபிராம் ரெண்டாவது படியை அடைச்சிருது. அசிட்டால்டிஹைடு தேங்குனா குடிச்ச பத்து முப்பது நிமிஷத்துல முகம் செவந்து, நெஞ்சு அடிச்சு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம். தெரிஞ்சு போடுறவனுக்கு "குடிச்சா இது நடக்கும்"ங்கிற பயம்தான் மருந்து. தெரியாமப் போட்டவனுக்கு அந்தப் பயமே இல்ல, வழக்கம்போல முழு குவாட்டர் குடிப்பான். இதயக்கோளாறு இருந்தா செத்தே போகலாம். சாம்பார்ல எவ்வளவு விழுந்துச்சு, அவன் எவ்வளவு சாப்பிட்டான்னும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாலும் டாக்டருக்கு விஷயம் தெரியாது. நோயாளி ஒப்புக்காம இதைக் குடுக்கக் கூடாது.

ஒப்புக்கிட்டுப் போடுறவருக்கு: கடைசிக் குடி முடிஞ்சு 24 மணியாவது ஆகியிருக்கணும். ஈரல் டெஸ்ட் முன்னாடி ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. வழக்கமா தினம் 250 மி.கி. கண் மஞ்சளானா, மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போனா உடனே நிறுத்திட்டு வரணும். நிறுத்துனாலும் 14 நாள் வரைக்கும் குடியோட மோதும். மறைஞ்சிருக்குற சாராயத்தையும் பாக்கணும்: அரிஷ்டம், ஆசவம் ரெண்டுலயும் நொதிச்சு வர்ற சாராயம் பத்து சதவீதம் வரைக்கும் இருக்கும். சில இருமல் மருந்து, ஆஃப்டர் ஷேவ், கை கழுவுற சானிடைசர் இதெல்லாம்கூட. "சத்துக்கு ஒரு மூடி திராட்சாரிஷ்டம்தான் குடுத்தேன்"னு வர்ற ஆச்சிமார் உண்டு.

குடிக்கு இன்னொரு மருந்து நால்ட்ரெக்சோன், 50 மி.கி. இங்கதான் வகை தெரியாததோட விலை தெரியும். அது அபின் வகையை முழுசா அடைக்குற மருந்து. குடிக்கு வந்த ஆள் கூடவே வலி மாத்திரையும் போடுதான், நம்மகிட்டச் சொல்லலை. இதைக் குடுத்தா ஒரு மணி நேரத்துல மொத்த விடுபாடும் ஒரேயடியா வந்து விழும். ஏழு பத்து நாள் எந்த அபின் வகையும் இல்லாம இருந்தாத்தான் தொடலாம். மூட்டுவலிக்கு டிராமடால் எழுதி வாங்குறவரும் இதுல அடக்கம், அவர் அதைப் போதைன்னே நினைக்க மாட்டார். அதனால "போதை மாத்திரை போடுவீங்களா"ன்னு கேக்காதீங்க, "வலிக்கு என்ன மாத்திரை போடுதீங்க"ன்னு கேளுங்க.

மூத்திர டெஸ்ட். சோதனைப் பட்டையில ஒவ்வொரு கோடும் ஒரு வகையை மட்டும்தான் தேடும். மார்ஃபின் கோடு ஹெராயினையும் கோடீனையும் பிடிக்கும். டிராமடால், டாபென்டடால், புப்ரினார்ஃபின் அதுல விழாது, தனித்தனிப் பட்டை வேணும். அந்தம்மா பையனுக்கு வந்த "இல்ல"ங்கிற முடிவு இப்படி வந்திருக்கலாம். எந்தெந்தக் கோடு உள்ள பட்டைன்னு முதல்ல பாருங்க. முகருறது எதுலயும் வராது.

ஆன்லைன்ல வாங்கி வீட்டுலயே பாக்குறவங்க கோட்டைத் தலைகீழாப் படிக்காங்க. கர்ப்பம் பாக்குற பட்டையில ரெண்டு கோடு வந்தா "இருக்கு". இதுல ரெண்டு கோடு வந்தா "இல்ல". சோதனைக் கோடு எவ்வளவு மங்கலா இருந்தாலும் "இல்ல"தான். சோதனைக் கோடே வராம, பட்டை வேலை செய்யுதுன்னு காட்டுற மேல் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் நின்னாத்தான் "இருக்கு". அந்த மேல் கோடும் இல்லைன்னா பட்டையே கெட்டுப்போச்சு. இந்தக் குழப்பத்துல சுத்தமா இருக்குற பையனை அடிச்சு விரட்டுன வீடும் இருக்கும்.

நாள் கணக்கு: குடி 12லேருந்து 24 மணி. கஞ்சா எப்பவாவது இழுத்தா மூணு நாள், தினமும் இழுத்திருந்தா ஒரு மாசம்கூட. விட்டு மூணு வாரமான பையனுக்கு "இருக்கு"ன்னு வந்தா பொய் சொல்லுதான்னு முடிவுகட்டக் கூடாது. கசகசா அரைச்ச குருமா சாப்பிட்டாலும் மார்ஃபின் கோட்டுல சிக்கலாம், அதனால பட்டை முடிவை வெச்சு யாரையும் குற்றவாளியாக்காம, சந்தேகம்னா ஆய்வகத்துக்கு அனுப்பணும். எடுத்த நாலு நிமிஷத்துக்குள்ள கப்புல வெப்பம் 32லேருந்து 38 டிகிரிக்குள்ள இருக்கணும். ஆறிப்போயிருந்தா அது அவனோடது இல்ல, இல்லைன்னா தண்ணி கலந்தது.

போலீஸ் பயத்துல உண்மையை மறைக்கிறவங்களுக்கு: 1985 போதைப்பொருள் சட்டத்துல 64ஏ பிரிவு இருக்கு. பயன்படுத்துனதுக்கோ சிறு அளவு வெச்சிருந்ததுக்கோ வழக்கு இருக்குறவர் தானா முன்வந்து அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்தா விலக்கு கேக்கலாம். பாதியில விட்டா அதை வாபஸ் வாங்கலாம். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் 23ஆம் பிரிவுல நோயாளியோட விவரம் ரகசியம். ராத்திரியில கேக்க ஆள் இல்லைன்னா போதை மீட்பு உதவி எண் 14446, இல்லைன்னா மனநல உதவி எண் 14416.

---

சேரன்மாதேவி_ஆற்றுப்படுத்துநர்

கடைசியா ஒண்ணு. வகுப்புக்கு வர்ற அப்பாமார்ல பாதிப்பேர் பீடி, மீதி ஹான்ஸ்ங்கிற வாயில ஒதுக்குற புகையிலை. "எனக்கு ஒண்ணும் இல்ல, புள்ளைக்கு மட்டும் பாருங்க"ங்காங்க. நிகோடின் சூயிங்கம் குடுத்தா "காரமா இருக்கு, வேலை செய்யலை"ன்னு திருப்பித் தாராங்க.

---

டவுன்_மருந்தாளுநர்

மெல்லுற விதம் தப்பு, அதான். மிட்டாய் மாதிரி விடாம மென்னா நிகோடின் எச்சிலோட வயித்துக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். நாலஞ்சு தடவை மென்னு, காரம் சுருக்குன்னு வந்ததும் நிறுத்தி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். ஹான்ஸ் வைக்கிறவருக்கு அந்த இடம் நல்லாவே தெரியும். காரம் போனதும் திரும்ப ரெண்டு மெல்லு, இடம் மாத்தி வைக்கணும். ஒரு துண்டு அரை மணி நேரம். எந்திரிச்ச அரை மணிக்குள்ள முதல் பீடி பத்த வைக்கிறவருக்கு 4 மி.கி., அதுக்கப்புறம்னா 2 மி.கி. ஒரு நாளைக்கு 24 துண்டுக்கு மேல கூடாது. விட்ட முதல் வாரம்தான் கஷ்டம், ரெண்டு மூணாம் நாள் உச்சம், ஒரு மாசத்துல அடங்கும்.

பீடியைச் சின்னதுன்னு கணக்குல விடுறாங்க. அந்த இலையில காத்துப் புகாது, அணையாம இருக்க அடிக்கடி வேகமா இழுக்கணும், அதனால உள்ள போறது சிகரெட்டுக்குக் குறைஞ்சது இல்ல.

காப்பி, எலுமிச்சைத் தண்ணி, சோடா குடிச்சு 15 நிமிஷம் கழிச்சுத்தான் கம் போடணும். புளிப்பு இருந்தா நிகோடின் கன்னத்தோல் வழியா ஏறாது. ஏன்னு கேட்டா புகையிலையோட சுண்ணாம்பு தேய்க்கிறதைச் சொல்லுங்க. சுண்ணாம்பு சேந்தா சுருக்குன்னு ஏறுது, புளிப்பு சேந்தா ஏறலை. உள்ளங்கையில தினமும் தேய்க்கிறவருக்கு இது ஒரு நிமிஷத்துல புரிஞ்சிரும்.